பதினாறை விட்டுட்டான்

ஒரு வருஷம் ஆயிருச்சு, அவன் சொன்ன "அப்பச் சரி சார்" இன்னும் காதுலயே கெடக்கு.

பாம்பன் தெக்குவாடி பையன், அப்ப ப்ளஸ் ஒன். இண்டக்‌ஷன்ல 1×1! + 2×2! + 3×3!ன்னு கூட்டிக்கிட்டே போனா அடுத்த ஃபேக்டோரியலுக்கு (3!ன்னா 1×2×3, 4!ன்னா 1×2×3×4, அதுதான் ஃபேக்டோரியல்) ஒண்ணு கம்மியா வரும்னு நிரூபிக்கிற கணக்கு இருக்குல்ல, அத நடத்துறப்ப வாய் சும்மா இருக்காம, இத வச்சே நம்பர் எழுதலாம்டா, ஒண்ணு பத்து நூறுக்குப் பதிலா ஸ்தானம் 1, 2, 6, 24ன்னு போகும், முதல் ஸ்தானத்துல 1 வரைக்கும்தான், ரெண்டாவதுல 2 வரைக்கும், மூணாவதுல 3 வரைக்கும், அதனால 23ங்கிறது 321, அதாவது 3×6 + 2×2 + 1×1, அடுத்து 24 வந்தா 1000ன்னு சொல்லிட்டேன். பெல் அடிச்சிருச்சு. போர்ஷன் வேற பாக்கி.

மூணு நாள் கழிச்சு ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு நோட்டோட வந்தான். முன்பக்கம் அவங்க அப்பா கையெழுத்துல டீசல் இத்தன லிட்டர், ஐஸ் இத்தன பார்னு போட்டுக் கணக்கு, பின்பக்கம் இவன் எழுதுனது. ஒவ்வொரு நம்பரையும் அப்படி மாத்தி, இலக்கங்களக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால நம்பர் மீதியில்லாம வகுபட்டா வட்டம் போட்டிருக்கான். 1, 2, 4, 6, 8, 9, 12, 18, 20, 24. "இதுக்குப் பேரு எதுவும் இருக்கா சார்?"

நம்ம சாதாரண பத்தடிமானத்துல இந்த மாதிரி எண்ணுக்கு ஹர்ஷத்னு பேரு வச்சவர் கப்ரேகர், தேவ்லாலியில பள்ளிக்கூட வாத்தியார். அது எனக்குத் தெரியும். அத மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். நான் போனை எடுத்தேன். நீல் ஸ்லோன் 1964ல சேக்க ஆரம்பிச்ச எண்தொடர் கலைக்களஞ்சியம் இருக்குல்ல, அதுல தட்டுனேன், பத்தே செகண்டு, கெடச்சிருச்சு. "ஏற்கனவே இருக்குடா. நீ நடுவுல 16அ விட்டுட்ட பாரு, 220, கூட்டுனா 4, வகுபடும்."

"அப்பச் சரி சார்"னான்.

நான் ஒண்ணும் பொய் சொல்லல. தானே கண்டுபிடிச்சேன்னு நெனச்சுக்கிட்டு நாளைக்கு காலேஜ்ல போய் நின்னா எவனாவது சிரிப்பான், அதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே. அதுவும் அந்தப் பட்டியல்ல இருக்குன்னா அவன் சரியான தடத்துலதான் போயிருக்கான்னு அர்த்தம், ஒரு வகையில பாராட்டுதான். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிறேன். ஆனா அந்தப் பத்து செகண்டுல, கண்டுபிடிச்சிட்டேன்னு எனக்குள்ள ஒரு குஷி வந்துச்சு பாருங்க, அது பாராட்டுறவனுக்கு வர்ற குஷி இல்ல.

இன்னொண்ணு. நான் போன்ல தட்டிக்கிட்டு இருக்கப்ப அவன் என்னமோ சொன்னான், நான் "ம்"னேன். ராத்திரி படுத்தப்பதான் அது ஞாபகத்துக்கு வந்துச்சு. "1, 2, 6, 24, 120 எல்லாம் எப்பவும் இதுல வரும்ல சார், அப்ப இது முடியவே முடியாதுல்ல?" எந்திரிச்சு உக்காந்துட்டேன். ஃபேக்டோரியலா இருந்தா இலக்கக் கூட்டல் ஒண்ணுதான், ஒண்ணால எதுதான் வகுபடாது, ஃபேக்டோரியலுக்கு முடிவே கிடையாது, அப்ப அவன் பட்டியலுக்கும் கிடையாது. முழு நிரூபணம். நின்ன வாக்குல சொல்லிட்டுப் போயிருக்கான், நான் விட்டுப்போன 16அ பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்திருக்கேன்.

மறுநாள் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ரிவிஷன் டெஸ்ட்டு, பேப்பர் திருத்துறதுன்னு போயிருச்சு, அப்புறம் சொன்னா ஒரு மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். இப்ப ப்ளஸ் டூ. பாத்தா வணக்கம் வைக்கிறான், நோட்டு மட்டும் வரல.

ஆனா ஒண்ணு, நோட்ட மூடுறதுக்கு முன்னாடி என் செவப்புப் பேனாவ வாங்கி, 12க்கும் 18க்கும் நடுவுல இடமே இல்லாத இடத்துல 16ன்னு குட்டியா எழுதி, வட்டமும் போட்டுட்டுத்தான் போனான். மனசு விட்டுப்போன பையன் வட்டம் போடுவானா? இல்ல, சார் சொல்லிட்டாரேன்னு போட்டானா?