கட்டுமலை ஊரிலிருந்து ஆல்ப்ஸ் சரிவுக்கு: ஆறு மாத ஆயத்தக் குறிப்புகள்

கும்பகோணம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாராசுரம் கோயில் விமானத்தின் உயரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் மலை என்ற பெயரைத் தாங்கி நிற்பது சுவாமிமலை ஒன்றே. அதுவும் கட்டுமலை, 60 படிகளில் முடிந்துவிடும். இங்கிருந்து நான்கு பேர் வருகிற ஜூலையில் பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் சைக்கிளில் இறங்கப் போகிறோம். ஐப்பசி அடைமழையில் கொள்ளிடக் கரைச் சவாரி நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சைக்கிள் கடையில் உட்கார்ந்து பேசிய பேச்சில் தொடங்கியது இது. கடையின் உரிமையாளர் எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அண்ணன். மற்றவர்கள் திருப்பனந்தாள் பக்கம் நெல் விவசாயம் செய்யும் என் மைத்துனர், மருந்துக்கடை வைத்திருக்கும் நண்பர், நூலகப் பணியில் இருக்கும் நான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கவே ஒரு மாதம் ஆயிற்று. ஆஸ்திரியாவின் லியோகாங், இத்தாலியின் லிவின்யோ, பிரான்சின் மோர்சின்–லே ஜே பகுதி என்று மூன்று பெயர்கள் கடைசிவரை இருந்தன. லே ஜேயில் 2004-லும் 2022-லும் மலைச் சைக்கிள் உலகச் சாம்பியன் போட்டிகள் நடந்திருக்கின்றன என்பதில் அண்ணனுக்கு ஒரு மயக்கம் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பெருமையால் ஒரு பயனும் இல்லை என்பது என் கருத்து. முடிவைத் தீர்மானித்தவை வேறு இரண்டு. ஜெனீவா விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் மோர்சின் போய்ச் சேரலாம். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கு ஏற்ப நிறமிட்ட பாதைகள் அங்கே ஒன்றுக்கொன்று அருகிலேயே கிடைக்கின்றன. ஆகவே பச்சையில் தடுமாறும் ஒருவருக்காக மற்ற மூவரும் அந்த நாளையே விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. குழுவாகப் போகிறவர்களுக்கு, பாதை எவ்வளவு பெயர்பெற்றது என்பதைவிட, பிரிந்து ஓட்டிவிட்டு மதியம் ஒரே இடத்தில் கூட முடியுமா என்பதே முக்கியம்.

மோர்சின் ஊர் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள பிளெனே உச்சி சுமார் 1,500 மீட்டர். பழனியில் ரோப் காரில் போவதுபோல, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மேலே போய்விட்டு இறங்க வேண்டியதுதான். ஒரு நாளைக்குப் பத்து முறை என்று வைத்துக்கொண்டால் 5,000 மீட்டர் இறக்கம் ஆகிறது, அதாவது தாராசுரம் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக 200 முறை அடுக்கிய உயரம். இந்தக் கணக்கைக் கடையின் சுவரில் சாக்கட்டியால் எழுதி வைத்தபோதுகூட அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை. ஏறுவதற்குத்தான் ரோப் கார் இருக்கிறதே, இறங்குவதில் என்ன சிரமம் என்றே நினைத்திருந்தோம். அம்மியையே பறக்கவிடும் ஆடிக் காற்றை எதிர்த்துத் திருவையாறு வரை மிதித்துப் பழகிய கால்கள் என்ற நம்பிக்கை வேறு.

பொங்கல் முடிந்த வாரம் கொல்லிமலைக்குப் போனோம். சோளக்காட்டிலிருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். தார்ச்சாலைதான், இருந்தாலும் நீண்ட இறக்கம் என்றால் என்ன என்று பார்ப்பதற்கு எங்களுக்கு அருகில் இருப்பது அதுதான். பேருந்துக் கூட்டம் சேருவதற்கு முன்பாக, விடிந்ததும் புறப்பட்டோம். முதல் பத்து வளைவுகள் இன்பமாகக் கழிந்தன. இருபதாவதற்குள் மருந்துக்கடை நண்பர் விரல்கள் மரத்துப்போவதாகச் சொன்னார். முப்பதைத் தாண்டியதும் என் பின் பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. அதற்குப் பிறகு பிரேக் பிடியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி சற்றே தயங்கியதே தவிர வேகம் குறையவில்லை. ஒரு வளைவில் உட்புறமாக ஒதுங்கி, பாறையோரத்து மண்ணில் சக்கரத்தை ஏற்றி நிறுத்தினேன். முழங்கை மட்டும் தேய்ந்தது. எதிரே பேருந்து எதுவும் வராதது என் திறமையால் அன்று.

மலையடிவாரத் தேநீர்க் கடையின் பின்புறத்தில் வைத்து அண்ணன் பிரேக் பேடுகளை, அதாவது டிஸ்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் தகடுகளை, கழற்றிக் காட்டினார். அவற்றின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. என் வண்டியில் இருந்தவை பிசின் கலந்த பேடுகள். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின் விட்டமும் 160 மில்லிமீட்டர்தான். பிரேக் பிடியை விடாமல் மெல்ல அழுத்திக்கொண்டே இறங்கினால் டிஸ்குக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை. சூடு ஓர் அளவைத் தாண்டியதும் பேடின் மேற்பரப்பு இறுகி வழவழப்பாகிவிடுகிறது, உராய்வு போய்விடுகிறது. பிரேக் குழாயிலுள்ள எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டினால் பிடியே கைப்பிடிக்கம்பி வரை தளர்ந்து வந்துவிடும் என்றும், அந்த நிலைக்கு நான் போகாததற்குக் காணிக்கை போட வேண்டும் என்றும் அண்ணன் சொன்னார். டெல்டாவில் பிரேக் என்பது நாய் குறுக்கே வரும்போதும் டீக்கடையில் நிற்கும்போதும் பிடிப்பது. தொடர்ந்து பத்து நிமிடம் வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டிய ஓர் இடம்கூட எங்கள் ஊரைச் சுற்றி இல்லை. ஏற்றத்துக்குப் பதிலாகக் காற்று இருக்கிறது. இறக்கத்துக்குப் பதிலாக இங்கே எதுவும் இல்லை. பயிற்சித் திட்டம் முழுவதையும் அன்றே மாற்றினோம்.

மாற்றியது இதுதான். முன்னால் 203, பின்னால் 180 மில்லிமீட்டர் டிஸ்குகள். உலோகக் கலவைப் பேடுகள். புதுப் பேடுகளை மாட்டியதும் அப்படியே மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. நல்ல வேகத்தில் போய், முழுதாக நிற்காமல், நடைவேகம் வரை குறைத்து விடுவதை இருபது முறையாவது செய்தால்தான் பேடும் டிஸ்கும் ஒன்றுக்கொன்று பதப்படும். இதற்கு அணைக்கரைப் பக்கத்துக் கொள்ளிடக் கரை மிகவும் வசதியாக இருந்தது. 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையைப் பார்த்தபடியே இருபது முறை போய் வந்தோம். அதற்கும் மேலே போய், ஐந்து மீட்டர் உயரமுள்ள கரைச்சரிவிலேயே நேராக இறங்கிப் பழகலாம், நாற்பது முறை இறங்கினால் 200 மீட்டர் ஆகிவிடுமே என்று கணக்குப் போட்டது என் தவறு. மூன்றாம் நாள் கரைக் காவலர் ஒருவர் வந்து, சக்கரம் அறுத்த புல்லைக் காட்டி, “நீங்க இறங்கின தடத்துலதான் தம்பி ஐப்பசியில தண்ணி இறங்கும்” என்றார். மைத்துனரின் வயல் அந்தக் கரைக்கு இந்தப் புறம்தான் இருக்கிறது. மறுநாளே நால்வரும் மண்வெட்டியோடு போய்த் தடங்களை மூடிவிட்டு வந்தோம். இப்போது, மணல் வண்டிகள் ஆற்றுக்குள் இறங்கிய பழைய சரிவுப்பாதை ஒன்றில் பழகுகிறோம். அது குட்டையானதுதான். ஆனாலும் வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை முழுதாக விட்டுவிடுவது, பிடியில் ஒரே ஒரு விரலை மட்டும் வைப்பது, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க எடையைக் காலில் தாங்கிக் கையை இலகுவாக விடுவது ஆகிய மூன்றும் அங்கே படிந்தன.

பங்குனியில் நீலகிரிக்குப் போனோம். காட்டுப் பாதைகளில் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது என்பதால், மருந்துக்கடை நண்பருக்குத் தெரிந்தவரின் தேயிலைத் தோட்டத்துக்குள் அவருடைய ஒப்புதலோடு இரண்டு நாட்கள் ஓட்டினோம். ஈரவேர், உருளும் கல், திடீரென்று குறுக்கிடும் வடிகால் என்று கொல்லிமலையில் காணாத அனைத்தையும் அங்கே கண்டோம். இந்த முறை பிரேக் மங்கவில்லை. முன்கைதான் கல்லாய் இறுகியது. மாலையில் மைத்துனரால் தோசையைப் பிய்க்க முடியவில்லை. நாற்று நடுகிற கைக்கே இந்தக் கதி என்றால் ஏடு புரட்டுகிற கைக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதன் விளைவாக எங்கள் திட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது: தொடர்ந்து ஆறு நாள் ஓட்டுவது என்றிருந்ததை, இரண்டு நாள் ஓட்டி ஒரு நாள் ஓய்வு என்று மாற்றினோம்.

சொந்த வண்டிகளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா என்பதில் மட்டும் சற்றுக் காரமாகவே பேசிக்கொண்டோம். தன் கையால் பூட்டிய வண்டியைத்தான் நம்புவேன் என்றார் அண்ணன். ஆனால் எங்களிடம் இருப்பவை முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளவை. அந்தப் பாதைகளில், குறிப்பாக வேனில் நடுவில், ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து வளைவுகளுக்கு முன்னால் வரிசையாகக் குழி விழுந்திருக்கும் என்பதால், இரண்டு சக்கரத்துக்கும் 160 மில்லிமீட்டருக்குக் குறையாமல் அமுங்கும் சஸ்பென்ஷன் உள்ள வண்டியே உடம்புக்கு நல்லது. பெட்டி கட்டுவது, விமானக் கூடுதல் சுமைக் கட்டணம், வழியில் வளையக்கூடிய டிஸ்க் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்த பிறகு அவரே வாடகைக்கு ஒத்துக்கொண்டார். ஹெல்மெட், முழங்கால் காப்பு, கையுறை, பெடல் ஆகியவை மட்டும் எங்களுடையவை. முகவாய் வரை மூடும் ஹெல்மெட் அளவு பார்த்து வாங்க வேண்டிய பொருள். நான் அளவு பார்க்காமல் வரவழைத்து ஒரு முறை திருப்பி அனுப்பினேன்.

வாடகை வண்டியில் ஒளிந்திருந்த ஆபத்தை அண்ணன்தான் கண்டுபிடித்தார். நம் நாட்டில் முன் பிரேக் வலது கையில் இருக்கும். சைக்கிளிலும் பைக்கிலும் அப்படித்தான். பிரான்சில் சைக்கிளின் முன் பிரேக் இடது கையில். நாற்பது ஆண்டுப் பழக்கம் உள்ள கை, பதற்றத்தில் பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கை இறுக்கினால், செங்குத்துச் சரிவில் வண்டி நின்றுவிடும், ஆள் மட்டும் மேலே போவார். வாடகைக் கடைக்கு எழுதிக் கேட்டபோது, முன்கூட்டியே சொன்னால் மாற்றிப் பூட்டித் தருவதாகப் பதில் வந்திருக்கிறது. அதையும் முழுதாக நம்பாமல், கடையில் ஒரு வண்டிக்கு மட்டும் பிரேக்கை இடம் மாற்றி வைத்து, முறை வைத்து ஓட்டிப் பார்க்கிறோம். மகாமகக் குளத்தெருவில் நான் ஒரு தள்ளுவண்டியின் வெள்ளரிப் பிஞ்சுக் குவியல்மீது சாய்ந்தது இந்தப் பயிற்சியின்போதுதான்.

நாளைக் குறித்தது நெல். மோர்சின் பகுதியில் ரோப் கார்கள் வேனிற்காலத்தில் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முதல் பாதி வரை ஓடுகின்றன. குறுவையும் கிட்டத்தட்ட அதே காலம்தான். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்கள். ஆனால் 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள், அந்த நம்பிக்கையில் எதையும் குறிக்க முடியாது. மைத்துனருக்கு ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. 110 நாள் ரகமான ஆடுதுறை 43-ஐ மே 25-இல் நாற்றங்கால் விட்டால், ஜூன் நடுவில் நடவு, ஜூலை 10-ஐ ஒட்டி இரண்டாம் மேலுரம், செப்டம்பர் இரண்டாம் வாரம் அறுப்பு. மேலுரத்துக்கும் கதிர் வெளிவருவதற்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஒரு மாதம்தான் அவருக்கு விடுப்பு. அதிலும் அவருடைய அண்ணன் மடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்குமேல் என் தாயார், ஆடியில் புதுக் காரியம் தொடங்கக் கூடாது என்றார். ஆகவே ஆனி கடைசியில், ஜூலை 14 இரவு, உழவன் விரைவு வண்டியில் சென்னைக்குப் புறப்பாடு. ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்பே வீடு திரும்புகிறோம். பருவமும் பஞ்சாங்கமும் ரோப் கார் அட்டவணையும் ஒத்துப்போன ஒரே இடைவெளி அது.

விசா வேலை நான் பயந்ததைவிட நேரானது. மைத்துனருடையது மட்டும் விதிவிலக்கு. அதிக நாட்கள் தங்குவது பிரான்சில் என்பதால் நால்வருக்கும் பிரான்சு வழியாக ஷெங்கன் விசா. குழு என்றாலும் விண்ணப்பம் தனித்தனி, கைரேகை தனித்தனி, தலைக்கு 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும். எனக்குச் சம்பளச் சான்று, மற்ற இருவருக்கும் வணிகப் பதிவும் வரிக்கணக்கும் இருக்கின்றன. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஆகவே மைத்துனர் இதுவரை கணக்கே தாக்கல் செய்ததில்லை. சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலரின் சான்று, கொள்முதல் நிலையத்துப் பணம் வரவான வங்கிக் கணக்கு ஆகியவற்றைச் சேர்த்து, ஆங்கில மொழிபெயர்ப்போடு கட்டினோம். “நஞ்சை 4 ஏக்கர்” என்பதை மொழிபெயர்த்தவர் நச்சு நிலம் என்று எழுதிக் கொடுத்ததை நல்லவேளையாக நான் படித்துப் பார்த்தேன்.

காப்பீட்டில்தான் மிகவும் கவனம் தேவைப்பட்டது. விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். ஆனால் முதலில் எங்களிடம் விற்கப்பட்ட பத்திரத்தின் ஒன்பதாம் பக்கத்தில், சாகச விளையாட்டில் ஏற்படும் காயம் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. விசா கிடைக்கும், கை உடைந்தால் காசு கிடைக்காது. மோர்சின் அடங்கிய மலைப்பகுதியின் 12 ஊர்களில் சில சுவிட்சர்லாந்தில் இருக்கின்றன; ஓட்டிக்கொண்டே எல்லையைத் தாண்டிவிடலாம்; அங்கே ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் அதற்கும் ரசீது வரும். மலைச் சைக்கிள் இறக்கம் என்ற சொல்லும், இரண்டு நாடுகளின் பெயரும், மீட்புச் செலவும் எழுத்தில் இருந்தால்தான் கையெழுத்து என்று மருந்துக்கடை நண்பர் பிடிவாதமாக நின்று, மூன்றாவது இடத்தில் அப்படியொரு பத்திரத்தை வாங்கினார். விலை இரண்டு மடங்கு. பேரத்துக்குப் பெயர்போனவர் அன்று வாய் திறக்கவில்லை.

சமையலறை உள்ள வீடு ஒன்றை எடுத்திருக்கிறோம். பாலோ இறைச்சியோ கலந்த பொருள்களை வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை என்பதால் நெய் கிடையாது. பச்சைக் கறிவேப்பிலைக்குப் பயிர்நலச் சான்று வேண்டும், அதுவும் கிடையாது. பருப்புப்பொடியும் காப்பித்தூளும் போகின்றன.

இந்தச் சித்திரை முடிவில் நிலவரம் இது: விமானச் சீட்டும் வீடும் முன்பதிவாகிவிட்டன, விசாவுக்கு மே இரண்டாம் வாரம் சென்னையில் நேரம் கிடைத்திருக்கிறது, மருந்துக்கடை நண்பரின் கையுறை மட்டும் இன்னும் வரவில்லை. கருவேல முள்ளுக்கு அஞ்சி நால்வரும் டியூப்லெஸ் டயருக்கு மாறிவிட்டோம். விசா முடிந்ததும் மறுபடியும் ஒரு முறை கொல்லிமலைக்குப் போய், அதே 70 வளைவுகளை வாடை வராமல் இறங்கிக் காட்ட வேண்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். மே 25 மட்டும் பயிற்சி இல்லை. அன்று நாற்றங்கால் விதைப்பு. நால்வரும் திருப்பனந்தாளில் இருக்க வேண்டும் என்பது மைத்துனரின் உத்தரவு.