அஞ்சல்தலையின் விலைக்கு முன் அதன் அடையாளம்

பழைய ஆல்பம் ஒன்று வீட்டில் கிடைத்ததும் பலரும் என்னிடம் கேட்பது, "இது எவ்வளவுக்குப் போகும்?" என்பதைத்தான். கேள்வி நியாயமானது. ஆனால் கையில் இருப்பது எந்த அஞ்சல்தலை என்பது உறுதியாகாமல் அதற்கு யாரும் பொறுப்பாக விடை சொல்ல முடியாது. ஒரே படம், ஒரே நிறம், ஒரே அணாக் கணக்கு உள்ள இரண்டு தலைகள், சேகரிப்பாளரின் கண்ணுக்கு வெவ்வேறு தலைகளாக இருக்கக்கூடும்.

இதற்குச் சுதந்திர இந்தியாவின் தொடக்கக் கால வெளியீடுகளைவிட நல்ல பாடம் இல்லை என்று நினைக்கிறேன். 1949 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்த தொல்லியல் வரிசையில் 16 தலைகள் உண்டு. அஜந்தா யானையில் தொடங்கி, இரண்டு அணாவில் நடராஜர், ஐந்து ரூபாயில் தாஜ் மகால் என்று போகும் அந்த வரிசையின் ஓரணாத் தலையில் போதிசத்துவரின் உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி அச்சாகிவிட்டது. பிழையைத் திருத்திய தலை 1950இல் வந்தது. ஆகவே ஓரணாப் போதிசத்துவர் இரண்டு வகை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு வேறுபாடு தெரியாது. பல ஆல்பங்களில் ஒன்றையே இரண்டு முறை ஒட்டி, வரிசை நிறைந்துவிட்டது என்று நம்பியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வேறுபாடாவது முன்பக்கத்தில் தெரிகிறது. நயா பைசா அறிமுகமான 1957 ஏப்ரல் 1 அன்று வந்த இந்திய வரைபட வரிசையை அடையாளம் காணத் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். முதலில் அச்சானவற்றின் தாளில் நட்சத்திர நீர்க்குறி, அதாவது தாள் தயாரிக்கும்போதே அதில் பதிக்கும் மங்கலான அடையாளம், இருக்கும். 1958 முதல் வந்த தாளில் அதற்குப் பதிலாக அசோகத் தூணின் சிங்கத் தலைப்பு இருக்கும். தலையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாலே பெரும்பாலும் நீர்க்குறி தெரிந்துவிடும். தெரியாவிட்டால் கருப்புத் தட்டில் முகத்தைக் கவிழ்த்து வைத்து இரண்டு சொட்டு பென்சின் என்ற பெட்ரோலியத் திரவம் விடுவது வழக்கம். ஆனால் சில அச்சு மைகள் அதில் கரைந்துவிடும் என்பதையும், பென்சின் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கக் கூடாது. துளையளவு பார்ப்பது இதைவிட எளிது: தலையின் ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பதே அந்த எண். அளவுகோல் அட்டை ஒன்று போதும்.

அடையாளம் காணும் முன்பே நடந்துவிடும் சேதம் ஒன்று உண்டு. உறையிலிருந்து தலையைக் கிழித்தோ ஊறவைத்தோ எடுத்துவிடுவதைச் சொல்கிறேன். திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் சங்குச் சின்னம் பொறித்த தலைகளை 1888 முதல் வெளியிட்டது. 1956 வரை கேரளப் பக்கம் இருந்த நாகர்கோவில், தக்கலை வட்டாரத்து வீடுகளில் அந்தத் தலைகளோடு பழைய கடித உறைகள் கிடைப்பது உண்டு. தனியாக எடுத்தால் அந்தச் சங்குத் தலைகளில் பல மிக மலிவானவை. அதே தலை முழு உறையில், ஊர்ப் பெயரும் தேதியும் தெளிவாக விழுந்த முத்திரையோடு இருந்தால், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்த நாளில், என்ன கட்டணத்தில் கடிதம் போனது என்பதற்கு அது சான்றாகிறது. அந்தச் சான்றைத் தண்ணீரில் கரைத்த பிறகு எந்த விலை கொடுத்தும் மீட்க முடியாது. கத்தரிக்கோலையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் கடைசியில்தான் எடுக்க வேண்டும் என்று இதனால்தான் வலியுறுத்துகிறேன்.

விலைக்கு வருகிறேன். பழமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை தலைகள் மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், தலை எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. 1948 ஆகஸ்ட் 15 அன்று வந்த காந்தி வரிசை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஸ்விட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சான நான்கு தலைகள் அவை. ஒன்றரை அணாத் தலை இன்றும் எளிதாகக் கிடைக்கிறது, பத்து ரூபாய்த் தலையோ எப்போதும் தேடப்படுவது. அதே வரிசையில் கவர்னர் ஜெனரலின் பயன்பாட்டுக்காக அச்சான தலையின் மேலேயே 'சர்வீஸ்' என்று மறுபடி அச்சிட்டவை மிகச் சிலவே. அந்தப் பத்து ரூபாய்த் தலைகள் நான்கு சேர்ந்த ஒரு பட்டை, 2017இல் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விற்றது.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு வருபவர்களிடம் நான் சொல்ல விரும்புவது, பத்து ரூபாய்க் காந்திக்குப் போலிகள் ஏராளம் என்பதையே. அசல் தலையின் துளையளவு 11½. பூதக்கண்ணாடியில் பார்க்கும்போது பல நிறப் புள்ளிகள் சேர்ந்து படம் உருவாகியிருந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சில் வந்த போலி. சாதாரணத் தலையின் மேல் 'சர்வீஸ்' என்று போலியாக அச்சிட்டதைக் கண்டுபிடிக்க நம் கண் போதாது. அப்படிப்பட்டதை வாங்கும்போது அங்கீகாரம் பெற்ற நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது. கேட்லாக்கில் போட்டிருப்பது குறையற்ற தலைக்கு வணிகர் கேட்கும் விலை என்பதும் நினைவிருக்கட்டும். ஒரு மூலை மடிந்தாலோ, துளைகளுக்கு இடையே உள்ள ஓரப் பல் ஒன்று உடைந்தாலோ, பின்பக்கம் மெலிந்தாலோ அதில் சிறு பங்குதான் கிடைக்கும்.

பாதுகாப்பில் நமக்கு முதல் எதிரி ஈரப்பதம். முத்திரை விழாத தலையின் பசை சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களின் காற்றிலேயே இளகி ஆல்பத்தில் ஒட்டிக்கொள்கிறது. தாளில் துருப்போல் பழுப்புப் புள்ளிகள் விழுகின்றன, அவை பக்கத்துத் தலைக்கும் பரவுகின்றன. புள்ளி விழுந்ததை உடனே பிரித்து வையுங்கள். விரலில் வியர்வையும் எண்ணெயும் இருக்கும் என்பதால், தட்டையான முனையுள்ள இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். பி.வி.சி. உறைகளும் செல்லோடேப்பும் தலைகளுக்குக் கேடு. லாமினேட் செய்தால் தலையின் கதை அத்தோடு முடிந்தது. ஓலைச்சுவடிக்கு வசம்பு வைத்த வழக்கத்தை நினைத்து ஆல்பத்துக்குள் வசம்போ வேப்பிலையோ வைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் அவற்றின் எண்ணெய் தாளில் கறையாகும். தலைகளை ஒட்டாமல் செருகி வைக்கும், அமிலமற்ற தாளுள்ள ஸ்டாக் புக்கை அலமாரியில் படுக்கப் போடாமல் நிற்க வைத்து, அருகில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் ஒரு வறண்ட நாளில் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மின்விசிறிக் காற்றில் சிறிது நேரம் வைத்து மூடுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள், சில நிறங்கள் விரைவில் வெளுத்துவிடும்.