பிடிமண் வந்த வழி

கொங்கு நாட்டில் பூர்வீக ஊரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் தாலுகா ஆபீசில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் போகவேண்டிய இடம். முதலில் போகவேண்டியது குலதெய்வக் கோயில். ஊரைவிட்டுப் போனவர்கள் நிலத்தை விற்றிருப்பார்கள், வீடு இடிந்திருக்கும், பட்டா பல கை மாறியிருக்கும். முதல் மொட்டையும் காதுகுத்தும் எந்தச் சன்னதியில் என்பதை மட்டும் லேசில் மாற்றியிருக்க மாட்டார்கள்.

கிளம்புமுன் வீட்டிலேயே மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கூட்டம் (குலப் பிரிவு), கோயில், காணி. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை கிடையாது. காணி என்பது முன்னோர் காடு திருத்திக் குடியேறி முதல் உரிமை பெற்ற ஊர். அந்த ஊர் அம்மனைக் காணியாச்சி என்பார்கள். ஒரே கூட்டத்துக்குப் பல ஊர்களில் காணி உண்டு. ஆகவே கூட்டத்தின் பேரை மட்டும் வைத்துக்கொண்டு "உங்க ஊர் இதுதானுங்க" என்று எவராவது சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம்.

இதையெல்லாம் அப்பாருவிடம் (அப்பாவின் அப்பா) கேட்பதைவிட அப்பத்தாவிடம் (அப்பாவின் அம்மா) கேட்பது மேல். பிறந்த வீட்டுக் கோயிலிலிருந்து புகுந்த வீட்டுக் கோயிலுக்கு வந்தவர் அவர். யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்று ஒவ்வொரு சீரிலும் பார்த்துப் பார்த்துப் படித்தவர். ஆனால் இங்கேதான் ஒரு குழப்பமும் நேரும். விடுமுறைக்கெல்லாம் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், அமுச்சி கூட்டிப்போன கோயிலையே தங்கள் குலதெய்வம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது அப்பிச்சியின், அதாவது அம்மாவுடைய அப்பாவின் கோயில். அங்கிருந்து தேடினால் தாய்மாமன் ஊரில் போய் நிற்பீர்கள்.

கூட்டப் பெயருக்குச் சொல்லப்படும் கதைகளையும் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம். ஆந்தைக் கூட்டம் என்றால் பறவைக் கதை ஒன்று சொல்வார்கள். ஆனால் ஆதன் தந்தை 'ஆந்தை' ஆவதற்கும், சாத்தன் தந்தை 'சாத்தந்தை' ஆவதற்கும் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. கதை கேட்க நன்றாக இருக்கும், ஊரைக் காட்டாது.

தேடல் பெரும்பாலும் பிடிமண்ணில்தான் தடம் மாறுகிறது. பஞ்சத்திலோ பங்குச் சண்டையிலோ ஊர் பெயர்ந்தவர்கள், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து புது ஊரில் வைத்துக் கோயில் எழுப்பிக்கொள்வார்கள். மூன்று தலைமுறை போனால் அதுவே ஆதிக் கோயில் என்று ஆகிவிடும். நீங்கள் வருஷாவருஷம் மாசி சிவராத்திரிக்குப் போகிற கோயிலே பிடிமண் கோயிலாக இருக்கலாம். ஆகவே பூசாரியிடம் "கோயில் எவ்வளவு பழசுங்க?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லாக் கோயிலும் ஆயிரம் வருஷம்தான். "பிடிமண் எங்கிருந்துங்க வந்தது?" என்று கேட்க வேண்டும். "கெடா வெட்டு இங்கயா, பெரிய கோயில்லயா?" என்பது அடுத்த கேள்வி. பெரிய கோயில் என்று ஒன்று பேச்சில் வந்தால் அங்கே போங்கள், அங்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். மண் எடுத்து வந்த பேச்சே இல்லாத இடம் வரும்வரை நிற்க வேண்டாம். அண்ணமார் (பொன்னர், சங்கர்) சன்னதி இருந்தால் வீரப்பூரைச் சொல்வார்கள். அது பொன்னர் சங்கர் கதையின் ஊர், உங்கள் காணி என்று ஆகிவிடாது.

ஊர்ப் பெயரும் துப்புக் கொடுக்கும். 'வலசு' என்று முடிந்தால் வலசை வந்தவர்கள் வைத்த குடியிருப்பு, மூல ஊர் வேறெங்கோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஈரோட்டுப் பக்கம் வள்ளிபுரத்தான்பாளையம் என்று ஓர் ஊர். வள்ளிபுரத்திலிருந்து வந்தவனின் பாளையம் என்று பேரே வழி சொல்கிறது.

போகிற நாளையும் யோசியுங்கள். காணிக் கோயில்கள் பல தினமும் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும்தான் நம்பிக்கையான நாட்கள். மற்ற நாளில் பூசாரி தோட்டங்காட்டு வேலைக்குப் போயிருப்பார், முன்னாலேயே போன் செய்யாவிட்டால் பூட்டைக் கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். சிவராத்திரிக் கூட்டத்தில் பங்காளிகளை எல்லாம் பார்க்கலாம், ஆனால் நின்று பேச ஒருவருக்கும் நேரமிருக்காது. அன்று முகம் காட்டி நம்பர் வாங்கிக்கொண்டு, அடுத்த அமாவாசைக்கு வருவது நல்லது.

பொங்கல் வைப்பதானால் அரைக் கிலோ பச்சரிசி, 100 கிராம் பாசிப்பருப்பு, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக நாட்டுச்சர்க்கரை, 100 கிராம் நெய் போதும். பானை 4 லிட்டருக்கு மேல் வேண்டாம், பெரிய பானையில் பால் பொங்கி வழியாது. குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் போர் தண்ணி பல இடத்தில் உப்பு, பருப்பு வேகாது. சர்க்கரையை அரிசி குழைந்தபின்தான் போட வேண்டும், முந்திப் போட்டால் அரிசி நறுக்கென்றே நின்றுவிடும். ஆடி, ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கேயிருந்து அடிக்கும். அடுப்பு வாயைக் கிழக்கே வைத்து மேற்கே ஒரு தகரம் நிறுத்துங்கள்.

பூசை முடிந்ததும் எல்லாரும் பந்திக்குப் போவார்கள். சுற்றிப் பார்க்க அதுதான் நேரம். அம்மன், கன்னிமார், கருப்பணசாமி எல்லாம் கும்பிட்டாயிற்று. இனி மணி, திருவாசி (சிலைக்குப் பின்னுள்ள உலோக வளைவு), குத்துவிளக்கு, வாசப்படி, கிணற்றுக் கைப்பிடிச் சுவர் பாருங்கள். 'உபயம்' என்று ஊரும் பேரும் அங்கேதான் இருக்கும். பழைய தமிழ் எண்ணில் ௲௮௱௬௰௩ என்றிருந்தால் 1863. சக வருஷமானால் 78 கூட்டுங்கள், கலியுக வருஷமானால் 3101 கழியுங்கள். வெறுமனே 'ருத்ரோத்காரி வருஷம்' என்று மட்டும் இருந்தால் 1863, 1923, 1983 மூன்றும் பொருந்தும், எழுத்தின் அமைப்பையும் பேர்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கல்வெட்டு பெரும்பாலும் அம்மன் கோயிலில் இருக்காது, அதே ஊர்ச் சிவன் கோயிலிலோ பெருமாள் கோயிலிலோ இருக்கும். கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெள்ளாளன் சாத்தந்தைகளில்', 'வெள்ளாளன் அந்துவரில்' என்கிற மாதிரிக் கூட்டப் பெயரும் அதைத் தொடர்ந்து ஆள் பெயரும் வரும். காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயில் விழும்போது படமெடுத்தால் எழுத்துத் தெரியும். திருநீறு, மைதா, எண்ணெய் எதையும் பூசாதீர்கள். கும்பாபிஷேகத்துக்கு எனாமல் அடித்தும், டைல்ஸ் ஒட்டியும், மணல் வீசிச் சுத்தம் செய்தும் அழிந்த எழுத்தே ஏராளம். பக்தியோடுதான் செய்கிறார்கள், அதனால் கோபிக்கவும் முடிவதில்லை.

கோயிலைச் சுற்றிய காட்டில் கிளுவை வேலி ஓரமாகப் புலியோடு பொருத வீரனுக்கு நட்ட புலிகுத்திக் கல்லோ, கணவனோடு தீயில் இறங்கியவளுக்கு எடுத்த வீரமாத்திக் கோயிலோ இருந்தால், அதற்குப் பொங்கல் வைக்கிற குடும்பம் எது என்று விசாரியுங்கள். நிலம் கைமாறினாலும் பல இடங்களில் அந்தப் பொங்கல் கைமாறாது.

ஊர் உறுதியான பிறகு தாலுகா ஆபீசுக்குப் போகலாம். பழைய பத்திரத்தில் 'கோயமுத்தூர் ஜில்லா' என்றிருப்பதை அப்படியே இன்றைய கோவையில் தேடக்கூடாது. கரூர் 1910 வரை கோயமுத்தூர் ஜில்லா, ஈரோடு 1979இல் பிரிந்தது, திருப்பூர் 2009இல். யு.டி.ஆருக்கு (நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) முந்திய சர்வே எண்ணும் இப்போதைய எண்ணும் ஒத்துப்போகாமல் போகலாம், கிராமத்து நிலங்களின் கணக்கான 'அ' பதிவேட்டில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கும் வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேர் வரும். நாச்சிமுத்து என்று மூன்று பேர் கிடைத்தால், தோட்டத்தின் பேரையும் மனைவி பிறந்த ஊரையும் கொண்டுதான் பிரிக்க முடியும்.

இதற்கெல்லாம் மேலான ஆவணம், கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற தலைக்கட்டு வரியின் நோட்டு. கோயிலில் இருக்காது, வரி வசூலிக்கிற பெரியவர் வீட்டுப் பீரோவில் இருக்கும். இரவல் கேட்காதீர்கள், அங்கேயே உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். கும்பாபிஷேக வருஷத்து நோட்டுதான் முழுசாக இருக்கும், அன்றைக்குத்தான் வெளியூர்ப் பங்காளிகளை எல்லாம் தேடிப்பிடித்து வசூலித்திருப்பார்கள். உங்கள் தலைக்கட்டு வரியையும் அன்றே கட்டிவிடுங்கள். எழுதுகிறவர் 'பழனிசாமி, திருப்பூர்' என்று முடித்துவிடப் பார்ப்பார். அப்பாரு பேர், அவர் இருந்த ஊர், தோட்டத்தின் பேர் மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டுப் பணத்தை நீட்டுங்கள்.