அம்மா அப்பாவுக்கு ஒரு ரெக்கார்டிங் பாக்ஸ்

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து பிறகு பார்க்கும் வசதி, வி.சி.ஆர். காலத்துக்குப் பின் நம் ஊரில் தனிக் கருவியாகப் பெரிதாகப் பரவவில்லை; அந்த வேலை டிடிஎச் நிறுவனங்களின் செட்டாப் பாக்ஸுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று டாடா பிளே என்று அழைக்கப்படும் அன்றைய டாடா ஸ்கை, உள்ளேயே ஹார்ட் டிஸ்க் பொருத்திய ‘பிளஸ்’ பாக்ஸை 2008-இல் கொண்டுவந்தது. பின்னர் வந்த பல பாக்ஸ்களில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. யூஎஸ்பி துளை மட்டும் இருக்கும், அதில் பென் டிரைவையோ வெளி ஹார்ட் டிஸ்க்கையோ நாம்தான் செருகிக்கொள்ள வேண்டும். ஆகவே வயதான பெற்றோருக்கு ரெக்கார்டர் வாங்குவது என்பது நடைமுறையில் எந்த பாக்ஸ் என்று தேர்ந்தெடுப்பதுதான்.

என் பெற்றோர் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். அம்மாவுக்கு மாலை ஆறரையிலிருந்து பத்து மணி வரை வரிசையாகச் சீரியல்கள். பிரதோஷம், கல்யாண வரவேற்பு, சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளி என்று ஏதாவது ஒன்று அடிக்கடி குறுக்கே வரும். அப்பாவுக்கு, 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் மாறிய பொதிகையில் வரும் கச்சேரிகள். (அவரைப் பொறுத்தவரை அது இன்னும் பொதிகைதான்.) இருவரும் கேட்பது, விட்டுப்போனதை மறுநாள் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே. எத்தனை ஜிபி, ஒரே நேரத்தில் எத்தனை சேனல் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவதெல்லாம் இதற்கு ஏறக்குறைய வேண்டாதவை. பெரியவர்கள் வீட்டில் ஒரு ரெக்கார்டர் நிலைக்குமா, மூலையில் கிடக்குமா என்பதைச் சுவரிலுள்ள சுவிட்சும், ரிமோட்டில் எத்தனை முறை அழுத்த வேண்டியிருக்கிறது என்பதுமே முடிவு செய்கின்றன என்பது என் கருத்து.

டிவி பார்த்து முடித்ததும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டு எழுந்திருப்பது நம் பெற்றோர் தலைமுறைக்கு ஊறிப்போன பழக்கம். மின்கட்டணக் கவலையும் இடி மின்னல் பயமும் சேர்ந்து வளர்த்த பழக்கம் அது. தவறென்று சொல்வதற்கும் இல்லை. ஆனால் குறித்த நேரத்தில் பாக்ஸுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த ரெக்கார்டரும் எதையும் பதிவு செய்யாது. இதை விளக்கிப் பயனில்லை, வயரிங்கைத்தான் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் பாக்ஸின் பிளக்கை டிவியிலிருந்து பிரித்து, இன்வெர்ட்டர் லைனில் உள்ள வேறொரு பாயிண்டில் செருகி, அதன் சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டேன். அப்பா வழக்கம்போல் டிவியின் சுவிட்சை அணைக்கிறார், பாக்ஸ் தன் பாட்டுக்கு ஓய்வு நிலையில் காத்திருக்கிறது. இடி இடிக்கும்போது மட்டும் அதையும் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன். கனமழையில் டிஷ்ஷுக்கு வரும் சிக்னலே அடிபட்டுவிடும் என்பதால் அன்றைய பதிவு எப்படியும் ஒழுங்காக இராது.

வாங்கும்போதே செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்றும் இதிலிருந்தே வருகிறது. டெக்னீஷியன் வீட்டில் இருக்கும்போதே, அரை மணி நேரம் கழித்து வரும் ஏதாவது ஒரு நிகழ்ச்சியைப் பதிவுக்குக் குறித்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் கொடுங்கள். பாக்ஸ் தானாக எழுந்து, யாரும் ரிமோட்டைத் தொடாமலே பதிவைத் தொடங்குகிறதா என்று பாருங்கள். மின்சாரம் வந்த பிறகும் யாராவது ஒரு பொத்தானை அழுத்தினால்தான் உயிர் பெறும் பாக்ஸ், பெரியவர்கள் வீட்டுக்குச் சரிப்படாது.

அடுத்தது ரிமோட். பதிவு செய்வதற்கான குறிப்பை நீங்களே போட்டுவிடலாம். தினமும் வரும் தொடரை ஒரு முறை குறித்துவிட்டால் அன்றாடம் தானாகவே பதிவாகும் வசதி பல பாக்ஸ்களில் உண்டு. சில நிறுவனங்களின் மொபைல் செயலி மூலம் வேறு ஊரில் இருந்தபடியே பதிவுக்குக் குறிக்கவும் முடிகிறது. ஆனால் பதிவானதை எடுத்துப் பார்ப்பது பெற்றோர் தம் கையாலேயே செய்ய வேண்டிய வேலை. மெனுவுக்குள் நுழைந்து, நாலைந்து சின்னப் படக்குறிகளைத் தாண்டி, ஒரு பட்டியலைத் திறந்து, அங்கே ‘பார்க்கவா, அழிக்கவா, பூட்டவா’ என்று கேட்கும் பாக்ஸில் அம்மா ஏதோ ஓர் இடத்தில் நின்றுவிடுவார். பதிவுகளின் பட்டியலுக்கு நேராகக் கொண்டுபோகும் தனிப் பொத்தான் ரிமோட்டில் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த பாக்ஸை வாங்கலாம் என்பேன். நான் விளக்கத் தொடங்கியபோது அம்மா சொன்னது: “எதை அமுக்கணும்னு மட்டும் சொல்லு, எதுக்குன்னு சொல்லாதே.” எந்த விளக்கக் கையேட்டையும்விட இது தெளிவாக இருந்தது. பட்டியலில் சீரியல்களின் பெயர் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வருகிறது என்பதால், அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து அந்த எழுத்து தெரிகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று என இரண்டு ரிமோட் இருப்பதுதான் பாதித் தொல்லைக்குக் காரணம். டிவி ரிமோட்டில் ‘சோர்ஸ்’ பொத்தானில் விரல் பட்டுவிட்டால் திரையில் ‘நோ சிக்னல்’ என்று வரும்; உடனே பாக்ஸ் கெட்டுவிட்டது என்று நமக்கு போன் வரும். பல டிடிஎச் ரிமோட்டுகளுக்கு டிவியின் பவர், வால்யூம் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்துவிட முடியும். அதைச் செய்துவிட்டு டிவி ரிமோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவது நல்லது. மிச்சமிருக்கும் ஒரே ரிமோட்டிலும் தேவையில்லாத பொத்தான்களின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டினேன். பவர், எண்கள், சேனல், வால்யூம், பதிவுப் பட்டியல், நான்கு அம்புக்குறிகள், நடுவில் ‘ஓகே’ ஆகியவை மட்டும் வெளியே தெரிகின்றன. பார்க்க அழகாக இல்லைதான், ஆனால் போன் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

கடையில் ஸ்மார்ட் டிவியைக் காட்டி, ‘இதிலேயே ரெக்கார்டிங் இருக்கிறது சார்’ என்பார்கள். இருக்கும்தான், ஆனால் அது டிவியின் சொந்த ட்யூனருக்கு (சேனலைப் பிடித்துத் தரும் பகுதிக்கு), அதாவது ஆன்டெனா வயரை டிவியிலேயே நேரடியாகச் செருகிப் பார்க்கும் சேனல்களுக்கு மட்டுமே பொருந்தும். எச்டிஎம்ஐ கேபிள் வழியாக செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் படத்தை டிவி பதிவு செய்யாது. இதற்காக டிவியை மாற்ற வேண்டாம்.

யூஎஸ்பி வழியாகப் பதிவு செய்யும் பாக்ஸ் என்றால் இரண்டு மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். செருகியதும் பாக்ஸ் அதை ‘ஃபார்மேட்’ செய்யக் கேட்கும். அப்போது அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், எனவே பேரக்குழந்தைகளின் புகைப்படங்கள் உள்ள பென் டிரைவை எடுத்துச் செருகிவிடாதீர்கள். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி பிடிக்கும், எச்டி என்றால் அதைப் போல் மூன்று மடங்குக்கு மேலும் போகலாம். தினம் மூன்று மணி நேரச் சீரியலைச் சாதாரணத் தரத்தில் பதிவு செய்தால் 64 ஜிபி பென் டிரைவ் மூன்று வாரம் தாங்கும், அது போதும். பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கினால் வேறொரு சிக்கல் வரலாம்: யூஎஸ்பி 2.0 துளையிலிருந்து முறைப்படி கிடைப்பது 500 மில்லி ஆம்பியர் மின்சாரம்தான். சில ஹார்ட் டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும்போது அதைவிட அதிகம் கேட்கும், பதிவு பாதியில் அறுந்துபோகும்.

ஒரே ட்யூனர் உள்ள பாக்ஸில், ஒரு சேனல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் வேறு சேனலைப் பார்க்க முடியாது. சேனல் மாற்றினால் ‘பதிவை நிறுத்தவா’ என்று கேட்கும்; அப்பா ‘ஓகே’ அழுத்திவிடுவார், அம்மாவின் சீரியல் போய்விடும். இருவருக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு நிகழ்ச்சி உண்டென்றால் இரட்டை ட்யூனர் பாக்ஸ்தான் வேண்டும். அதற்குப் பெரும்பாலும் டிஷ்ஷிலிருந்து இரண்டாவது கேபிள் இழுக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பதிலாக ஓடிடி செயலியிலேயே எல்லாச் சீரியலும் கிடைக்கிறதே என்று தம்பி கேட்டான். கிடைக்கிறதுதான். ஆனால் சந்தா முடிந்து திடீரென்று வெளியே தள்ளுவது, போனுக்கு ஓடிபி வருவது, செயலி புதுப்பிக்கப்பட்டு நேற்றிருந்த இடத்தில் இன்று எதுவும் இல்லாமல் போவது ஆகிய மூன்றும் அம்மாவுக்கு ஒத்துவரவில்லை. சேனல் எண்ணை அழுத்திப் பழகிய கைக்கு பாக்ஸே எளிது. பிள்ளைகள் அதே வீட்டில் இருந்தால் ஓடிடியே போதும்.

வாங்கும் முன் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டியது இன்னொன்று உண்டு. இந்தப் பதிவுகள் பூட்டுப் போட்டவை. பென் டிரைவைப் பிடுங்கிக் கணினியிலோ அடுத்த வீட்டு பாக்ஸிலோ செருகினால் ஓடாது. பாக்ஸ் பழுதாகி மாற்றினாலும், நிறுவனத்தை மாற்றினாலும் அத்தனையும் போய்விடும். சீரியலுக்கு இதனால் நஷ்டமில்லை. கச்சேரிகளைச் சேர்த்துவைக்க இதை நம்ப வேண்டாம் என்று அப்பாவிடம் முதலிலேயே சொன்னேன். “கேட்டுட்டு அழிச்சுடறேன்” என்றார். ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் இடம் காலியாக வேண்டி நான்தான் சீரியல்களை அழித்துவிட்டு வருகிறேன்.