வாத்து இறகும் பழைய ஆயிலும்

கடலூருக்கு வடக்கே, பெண்ணையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். அங்குள்ள பள்ளியில் 11 வருடமாக அறிவியல் டீச்சராக இருக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் காலையில் கரைக்குப் போய் வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார்கள். கடலைப் பற்றி இவர்களுக்கு நான் என்ன சொல்லித்தர முடியும் என்ற தயக்கம் ஆரம்பத்தில் நிறையவே இருந்தது.

உணவுச் சங்கிலி என்றாலே புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று போர்டில் எழுதிப் போடுவது வழக்கம். ஒரு வருடம் அதை விட்டுவிட்டு, கடல் நீர்நாயின் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். மல்லாந்து மிதந்தபடி, நெஞ்சின்மேல் கல்லை வைத்துக்கொண்டு, அதில் சிப்பியை மோதி உடைக்கிற படம். நீர்நாய் நமக்கும் சொந்தமான பிராணிதான். வாளை மீன் பிடிக்கும் நீர்நாய் சங்கப் பாட்டிலேயே வருகிறது, காவிரியில் இன்றும் இருக்கிறது. ஆனால் அது ஆற்று நீர்நாய். கடலிலேயே வாழும் இந்த இனம் வட பசிபிக்கில், ரஷ்யா, அலாஸ்கா, கலிபோர்னியா போன்ற கரையோரங்களில்தான் உண்டு.

"ஐஸ் மாதிரி தண்ணியில எப்படி டீச்சர் நாள் பூரா கெடக்குது?" என்று முதல் பெஞ்சுப் பையன் கேட்டான். ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுத்துப் பழகியவன் அவன். குளிர் என்றால் என்னவென்று என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் இருப்பதுபோல் கடல் நீர்நாய்க்குத் தோலுக்கடியில் தடித்த கொழுப்பு கிடையாது. ரோமம்தான் அதற்குப் போர்வை. நம் தலை முழுக்க இருக்கும் முடி ஏறக்குறைய ஒரு லட்சம். கடல் நீர்நாயின் உடம்பில் அவ்வளவு முடியும் கட்டைவிரல் நகம் அளவு இடத்திலேயே இருக்கிறது. அந்த ரோமத்துக்கு இடையில் காற்று தங்குவதால் தண்ணீர் தோலைத் தொடுவதில்லை. அப்படியும் உடம்பு சூட்டைக் காப்பாற்ற, தன் எடையில் கால் பங்கு தினமும் தின்றாக வேண்டும். பிள்ளைகள் உடனே கணக்குப் போட்டுவிட்டார்கள். 40 கிலோ பையன் என்றால் தினம் 10 கிலோ மத்தி.

அந்த ரோமமே அதற்கு எமனாகவும் வந்தது. 1741-இல், ரஷ்யாவுக்காகப் புதுக் கரை தேடிப் போன பெரிங் என்ற மாலுமியின் கப்பலில் போய்த் தீவில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்பும்போது அதன் தோல்களைக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 170 வருட வேட்டை. ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த இனத்தில், 1911-இல் நான்கு நாடுகள் ஒப்பந்தம் போட்டு வேட்டையை நிறுத்தியபோது மிஞ்சியது 2,000-க்கும் குறைவு. கலிபோர்னியாவில் அடியோடு போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1938-இல் பிக் சர் பகுதியில் 50 பக்கம் கண்ணில் பட்டன. இன்று அங்கே இருக்கிற சுமார் 3,000 நீர்நாய்களும் அந்த ஒரு கூட்டத்தின் வழி வந்தவைதான்.

இப்போது அதை யாரும் ரோமத்துக்காகக் கொல்வதில்லை. அப்படியானால் வேறு எதனால் சாகிறது? அதைச் சொல்வதற்காக மறுநாள் இரண்டு வாத்து இறகு, ஒரு கிண்ணம் ஐஸ் தண்ணீர், மெக்கானிக் கடையிலிருந்து கொஞ்சம் பழைய இஞ்சின் ஆயில் கொண்டுபோனேன். முதல் இறகை நனைத்தோம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு விழுந்தது. இரண்டாவதை ஆயிலில் முக்கி எடுத்துவிட்டு நனைத்தோம். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஈரத் துணிபோல் தொங்கியது. வரிசையில் வந்து ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண் கையைத் துடைக்கத் துடைக்க அந்தக் கறுப்பு போகவில்லை. மறுபடி மறுபடி பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

1989 மார்ச் 24-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதியதைப் பிறகு சொன்னேன். சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. ரோமம் அந்த இரண்டாவது இறகு மாதிரி ஒட்டிப்போய், ஆயிரக்கணக்கில் நீர்நாய்கள் செத்தன. மேலே மிதந்த எண்ணெய் போன பிறகும் கரை மணலுக்கு அடியில் தங்கியதை, மட்டி தோண்டித் தின்கிற நீர்நாய் வருடக்கணக்கில் கிளறிக்கொண்டே இருந்தது. அங்கே எண்ணிக்கை தேற 20 வருடத்துக்கு மேல் ஆயிற்று.

"எங்கப்பா இஞ்சின் ஆயில் மாத்துனா பழைய ஆயில முகத்துவாரத்துலதான் ஊத்துவாரு டீச்சர்" என்றான் அதே முதல் பெஞ்சுப் பையன். ஒளிவுமறைவு இல்லாமல், கேட்ட பாடத்துக்கு உதாரணம் சொல்கிற மாதிரி சொன்னான். அவன் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைக் கொட்ட கரையில் ஒரு டப்பாகூட யாரும் வைத்துக் கொடுத்ததில்லையே.

வலையைப் பற்றிப் பேசியபோது நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நட்டு வைக்கும் செவுள் வலையில் மாட்டி, மேலே வந்து மூச்சுவிட முடியாமல் நீர்நாய் செத்துப்போகும் என்றதும், "பங்குனி ஆமை மாதிரி" என்றார்கள். தை, மாசியில் முட்டையிட வரும் ஆமை மடி வலையில் சிக்கிக் கரை ஒதுங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். 1980-களில் கலிபோர்னியாவில் ஆழம் குறைந்த இடங்களில் செவுள் வலையைத் தடுத்த பிறகு நீர்நாய் எண்ணிக்கை மறுபடி ஏறியது. அவர்களுக்கு அதிசயமாகப் பட்டது பூனைதான். பூனைக் கழிவில் உள்ள ஒரு ஒட்டுண்ணி மழைத் தண்ணீரோடு கடலுக்குப் போய், நத்தை வழியாக நீர்நாய்க்குள் போய் அதைக் கொல்கிறது. ஏலக் கொட்டகையில் எத்தனை பூனை இருக்கிறது என்று அன்று சாயங்காலமே எண்ணிவிட்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பையனின் தாத்தா வலைக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டார். கையில் வலை ஊசி ஓடிக்கொண்டே இருந்தது.

"டீச்சரம்மா, பேரன் நீர்நாய் கதையாவே பேசுறான். அது நண்டு திங்குமா?"

"திங்கும் ஐயா. நண்டு, மட்டி, கடல் முள்ளெலி எல்லாமே."

"அப்போ அந்த ஊரு நண்டுக்காரன் என்ன பண்றான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நீர்நாய் போனால் முள்பந்து மாதிரி இருக்கும் கடல் முள்ளெலிகள் பெருகி, கெல்ப் என்னும் கடற்பாசிக் காட்டையே மேய்ந்து அழித்துவிடும், நீர்நாய் இருந்தால் காடும் மீனும் தழைக்கும் என்ற பாதியைத்தான் பாடமாக நடத்தியிருந்தேன். அன்று இரவு தேடிப் படித்தேன். தென்கிழக்கு அலாஸ்காவில் 1960-களில் 400 பக்கம் நீர்நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அவை பெருகி 20,000-ஐத் தாண்டிவிட்டன. அங்கே நண்டும் கடல் அட்டையும் பிடிப்பவர்களுக்குப் பிழைப்பில் அடி விழுந்திருக்கிறது. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நீர்நாயைக் காப்பாற்றியது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் யாருடைய நண்டைக் கொடுத்துக் காப்பாற்றினோம் என்று அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் விட்டால் அது நிலைக்காது. வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் முடங்குகிற வீடுகளின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

படித்ததைப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "இதையும் சேத்துச் சொல்லுங்க புள்ளைங்களுக்கு" என்றார். அன்றிலிருந்து சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வலைக்கூடத்துத் தூணோரம் இப்போது ஒரு நீல கேன் இருக்கிறது. அதை வைத்தவர் அவர்தான். பழைய ஆயிலை அதில் ஊற்றுகிறார்கள், நிரம்பினால் சென்ட்ரிங் பலகைக்குப் பூச ஒருவர் வந்து காசு கொடுத்து வாங்கிப் போகிறார். எல்லாப் படகும் இன்னும் வரவில்லை, ஏழு படகு வருகிறது. அதில் ஒன்று முதல் பெஞ்சுப் பையனின் அப்பாவுடையது.