50 டிகிரி தண்ணீரில் வீடு சூடாகுமா?

குளிர்காலம் பாதி தாண்டியபோது வந்த கேஸ் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, கேஸை எரித்துத் தண்ணீரைக் காய்ச்சி வீட்டைச் சூடாக்கும் பாய்லரைக் கழற்றிவிட்டு, கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் போட்டுவிடலாம் என்று அன்று இரவே முடிவு செய்தேன். வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். சூட்டைக் குறைத்துவிட்டுப் போர்வைக்குள் இருந்து சமாளிப்பது எங்களுக்கு ஒரு வழியே இல்லை. நாள் முழுக்கக் கேஸை எரிப்பதும் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுவாரம் கொட்டேஷன் போட வந்தவர் கால்மணி நேரம்தான் இருந்தார். பாய்லர் மேல் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார், வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார், 12 கிலோவாட் மிஷின் வேண்டும் என்றார். ஒரு அறையைக்கூட அளக்கவில்லை. தொகையைக் கேட்டதும் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு பணம் எங்களிடம் இல்லை. அந்த வருடம் பணம் இல்லாமல் போனதுதான் எங்களுக்கு நல்லதாகப் போயிற்று.

அப்புறம்தான் பழைய பில்களை உட்கார்ந்து படித்தேன். தொகையைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். கேஸ் மீட்டர் கன மீட்டரில் ஓடினால், ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 11 யூனிட், அதாவது 11 கிலோவாட் மணி. எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு 17,000 யூனிட் ஆகியிருந்தது. கோடை மாதங்களில் ஓடியது குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற வெந்நீருக்கு மட்டும். அந்த அளவை 12 மாதத்துக்கும் கழித்துவிட்டால், மிச்சம் வீட்டைச் சூடாக்கப் போனது. இந்த ஒரு கணக்கைப் போட்ட பிறகுதான் எங்கே கை வைக்க வேண்டும் என்று புரிந்தது.

இன்னொரு கணக்கும் போட்டேன். எங்கள் இணைப்பில் கரண்ட் யூனிட்டின் விலை கேஸ் யூனிட்டைப் போல 3 மடங்கு. நல்ல பாய்லர் 100 யூனிட் கேஸில் 90 யூனிட் சூடு தரும். அப்படியானால் ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டுக்கு 2.7 யூனிட் சூடாவது தந்தால்தான் பில் ஏறாமல் இருக்கும். விலை 4 மடங்கு என்றால் 3.6 வேண்டும், அது லேசான விஷயம் இல்லை. பசுமை எரிசக்தி கட்டுப்படியாகுமா என்ற கேள்விக்கு ஊருக்கெல்லாம் ஒரே பதில் கிடையாது. உங்கள் பில்லில் இருக்கும் இந்த விகிதம்தான் பதில்.

ஒரு யூனிட் போட்டு மூன்று யூனிட் எப்படி வரும் என்று மனைவி கேட்டார். ஹீட் பம்ப் சூட்டை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே கொண்டுவருகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிறதே, அதே வேலைதான். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852-லேயே இதை எழுதி வைத்துவிட்டார். ஆனால் ஒன்று: அறைகளில் வெந்நீர் ஓடிச் சூடு தரும் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு சூடாக வேண்டுமோ, அவ்வளவு அதிகமாக மிஷின் உழைக்க வேண்டும். 35, 40 டிகிரி தண்ணீர் போதுமென்றால் ஒரு யூனிட்டுக்கு நான்கு வரை கிடைக்கும். 60 டிகிரி வேண்டுமென்றால் மூன்றுக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் குறைந்த சூட்டுத் தண்ணீரிலேயே எங்கள் வீடு கதகதப்பாக இருக்குமா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது.

வீட்டின் சூடு எங்கே வெளியேறுகிறது என்று பார்க்க, காற்று வீசிய ஒரு மாலையில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சுவர் ஓரமாகவே நடந்தேன். ஜன்னல் கண்ணாடிகளில்தான் காற்று ஒழுகும் என்று நினைத்திருந்தேன். அங்கே புகை நேராகத்தான் எழும்பியது. தரைப்பலகை சுவரைத் தொடும் இடத்தில் புகை சட்டென்று அறைக்குள் வளைந்தது. சமையலறைத் தொட்டிக்கு அடியில், குழாய் வெளியே போகும் துளையில், பத்தியின் நுனியே சிவந்து கனன்றது, அவ்வளவு காற்று. பரணுக்கு ஏறும் மூடியருகே கொண்டுபோனதும் புகை நூல் பிடித்தாற்போல மேலே உறிஞ்சப்பட்டது. நாங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்று ராப்பகலாக அந்த இடுக்கு வழியாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இடுக்குகளை சீலன்ட்டாலும், பரண் மூடியை ரப்பர் பட்டையாலும் அடைத்தோம். சூடு வெளியேறாமல் தடுக்கப் பரணில் ஏற்கெனவே விரித்திருந்த கம்பளி அமுங்கி நாலு அங்குலம்கூட இல்லை. முகமூடி, கையுறை போட்டுக்கொண்டு அதன்மேல் குறுக்காக இன்னொரு அடுக்கு விரித்து ஒரு அடி அளவுக்கு உயர்த்தினோம். கூரை விளிம்போரம் மட்டும் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மரத்தில் ஈரம் பிடிக்கும். கேஸ் எரிகிற வீடுகளில் காற்றுக்காக வைத்திருக்கும் துவாரத்தை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் சேரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. அதற்கான அலாரம் ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்ததுதான் ஒரு பைசா செலவில்லாத சோதனை. இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எங்கள் பாய்லர் ரேடியேட்டருக்கு 75 டிகிரியில் தண்ணீர் அனுப்பிக்கொண்டிருந்தது. பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன அளவு, யாரும் தொட்டதில்லை. அதை 60-க்குக் குறைத்தேன், சில நாள் கழித்து 55, பிறகு 50. வருடத்திலேயே மோசமான குளிர் வந்த வாரத்தில் 50-லேயே விட்டுவிட்டு, அறைக்கு ஒரு தெர்மாமீட்டர் வைத்து, காலையும் இரவும் நோட்டில் குறித்தோம். கூடமும் மாடியில் ஒரு அறையும் 17 டிகிரியைத் தாண்டவில்லை. மற்ற எல்லா அறையும் 20-இல் நின்றன. ஆக, பெரிதாக மாற்ற வேண்டிய ரேடியேட்டர் இரண்டே இரண்டு. முதலில் வந்தவர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தார்!

இதனால் கேஸும் மிச்சமாயிற்று. இப்போதைய கண்டென்சிங் பாய்லர்களில் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து அதன் சூடும் நமக்குக் கிடைக்கும். 75-இல் ஓடும்போது அது வெளியேதான் போகிறது. ஆனால் வெந்நீரைச் சேமிக்கும் தொட்டி இருந்தால், அதன் அளவை 60-க்குக் கீழே இறக்காதீர்கள். லீஜியோனெல்லா கிருமி வளர இடம் கொடுக்கக் கூடாது. நான் சொல்வது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை மட்டும்தான்.

அந்த வருடக் கணக்கில் 17,000 யூனிட் 13,000 ஆகியிருந்தது, இன்னும் அதே பழைய பாய்லரில்.

இரண்டாவது முறை கொட்டேஷனுக்கு வந்தவரை, அறை அறையாக அளந்து வெப்ப இழப்பைக் கணக்கிட்டால்தான் பேசுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அரைநாள் அளந்தார். கடுங்குளிரிலும் எங்கள் வீடு இழப்பது 5 கிலோவாட். 6 கிலோவாட் மிஷின் போதும் என்றார். என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைப் பார்த்த பிறகு எனக்கே தைரியமாக இருக்கிறது" என்றார். 12 கிலோவாட் வாங்கியிருந்தால் மிதமான நாட்களில் ஐந்து நிமிடம் ஓடி, நின்று, மறுபடி ஓடி என்று கம்ப்ரஸர் தேய்ந்திருக்கும், கரண்டும் வீணாகியிருக்கும்.

பணம்தான் பெரிய மலை. மானியம் கிடைத்தது, ஆனால் மொத்தத்தில் ஒரு பகுதிதான். மிச்சத்துக்குக் கடன் வாங்கினோம், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். சேமிப்பும் இல்லாமல் கடனும் கிடைக்காத குடும்பங்கள்தான் சூடு ஒழுகுகிற வீடுகளில் இருக்கிறார்கள், சூட்டுக்கு அதிகம் கட்டுவதும் அவர்கள்தான். இது எனக்கு ஆறவே இல்லை. வேலை முடிந்த பிறகு தரும் மானியத்தைவிட, பரணையும் இடுக்கையும் அடைக்க முதலிலேயே தரும் சிறு தொகை அவர்களுக்கு எவ்வளவோ உதவும்.

பொருத்தும் வேலை நான்கு நாள். தூசி, சத்தம், இரண்டு நாள் வெந்நீர் இல்லை, அவ்வளவுதான்.

முதல் வாரம் மனைவி ரேடியேட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "சுடவே இல்லையேங்க, ஓடுதா இல்லையா?" தெர்மாமீட்டர் 20 காட்டியது. பாய்லரைப் போலக் காலையில் போட்டு, வெளியே போகும்போது அணைக்கும் பழக்கத்தை விட வேண்டியிருந்தது. இது மெதுவாக, நிற்காமல் ஓட வேண்டிய மிஷின். ஈரப்பதமும் குளிரும் சேர்ந்த ஒரு காலையில் அம்மா பதறிக்கொண்டு கூப்பிட்டார்: "தம்பி, வெளியே மிஷின் புகையுது, ஓடி வா!" போய்ப் பார்த்தால் வெண்மேகம் போல ஆவி. மிஷினின் வெளிப் பகுதியில் படியும் உறைபனியை அது தானே உருக்கிக்கொள்கிறது. இப்போது அம்மாவே வருகிறவர்களுக்கு இதை விளக்குகிறார்.

வெளியே குளிர் கூடக் கூடத் தண்ணீர்ச் சூட்டைத் தானாக ஏற்றும் அமைப்பு ஒன்று கண்ட்ரோலரில் உண்டு. அதை நாலு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். தண்ணீர் ஒரு டிகிரி குறைந்தால் கரண்ட் சுமார் 2 சதவீதம் குறையும். ஒருநாள் கூடம் குளிர்கிறது என்று அம்மா சொன்னார், ஒரு புள்ளி ஏற்றி அங்கேயே விட்டுவிட்டேன்.

வருட முடிவில் ஹீட் பம்ப் எடுத்த கரண்ட் 3,500 யூனிட். எங்கள் 3 மடங்கு விலையில் அது 10,500 யூனிட் கேஸுக்குச் சமம். ஆரம்பத்தில் 17,000. குறைந்த 6,500-இல் 4,000 மிஷின் வருவதற்கு முன்பே, சீலன்ட்டிலும் பரணிலும் பாய்லரின் குமிழைத் திருகியதிலும் குறைந்தது.

வாடகை வீட்டில் இருக்கும் நண்பர் ஒருவரால் மிஷினை மாற்ற முடியாது. வீட்டுக்காரர் செலவு செய்ய மாட்டார், பில் கட்டுவது நண்பர். போன வாரம் ஊதுபத்தியும் ரப்பர் பட்டையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாய்லரை 55-இல் வைத்துவிட்டு வந்தோம். நேற்று இரவு படம் அனுப்பியிருந்தார்: குழந்தைகள் அறையில் தெர்மாமீட்டர், 19.5.