60 யூரோ அபராதமும் வெள்ளை 3-ம்

டிக்கெட் வாங்கினேன். மெஷினில் முத்திரை குத்தவில்லை. நான் செய்த குற்றம் அவ்வளவுதான். மியூனிக் சுரங்க ரயிலில் சாதாரண உடையில் ஏறிய பரிசோதகர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 60 யூரோ என்றார். நேற்றுதான் வந்தேன், காசு கொடுத்துத்தானே வாங்கியிருக்கிறேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் ரசீது கைக்கு வந்துவிட்டது. அந்தக் காசில், மூன்று வருடமாக விலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ஜெட் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 262-இன் மாடல் செட்டையே வாங்கியிருக்கலாம், பெயிண்டும் சேர்த்து.

மியூனிக்குக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். பார்ப்போம்.

டாய்ச்சஸ் மியூசியம் என்ற அறிவியல், தொழில்நுட்ப அருங்காட்சியகம் ஈசார் ஆற்றின் நடுவே ஒரு தீவில் இருக்கிறது. நான் போனபோது நுழைவு 15 யூரோ. மற்ற கூடங்களை விட்டுவிட்டு நேராக விமானப் பகுதிக்குப் போனேன். அசல் 262 ஒன்று அங்கே நிற்கிறது, ஜே.ஜி. 7 என்ற ஜெர்மன் போர் விமானப் பிரிவின் 'வெள்ளை 3' (விமானத்தில் வெள்ளையில் எழுதிய எண்). ஹான்ஸ் கீடோ முட்கே என்ற விமானி 1945 ஏப்ரல் 25 அன்று இதை ஓட்டிக்கொண்டு போய் சுவிட்சர்லாந்தின் டூபெண்டார்ஃபில் இறக்கிவிட்டார். போர் முடிய இரண்டு வாரம்கூட இல்லை. தப்பி ஓடவில்லை, அவசரமாக இறங்க வேண்டியதாயிற்று என்றுதான் கடைசிவரை சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை. ஒலியின் வேகத்தைத் தாண்டினேன் என்றும் பிற்காலத்தில் சொன்ன மனிதர் அவர், அதையும் பெரும்பாலான நிபுணர்கள் ஏற்கவில்லை. எப்படியோ, 1957-ல் சுவிஸ்காரர்கள் விமானத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

படங்களில் பிடிபடாத ஒன்று பக்கத்தில் நின்றதும் தெரிந்தது. உடம்பின் குறுக்குவெட்டு கிட்டத்தட்ட முக்கோணம். முன்னே குனிந்து பார்த்தால் வயிறு தட்டையாக விரிந்து கிடக்கிறது. மூக்கில் நான்கு 30 மி.மீ. பீரங்கிகள்.

நிறம்தான் ஏமாற்றம். அருங்காட்சியக விமானத்தில் இருப்பது பின்னாளில் அடித்த பெயிண்ட். எங்களைப் போன்ற மாடல் பைத்தியங்கள் மேலே 81, 82, கீழே 76 என்று ஜெர்மன் விமானப்படையின் பெயிண்ட் எண் சொல்லிச் சண்டை போடுவோம். 81 என்பது பழுப்பு ஊதா, 82 வெளிர்பச்சை, 76 வெளிர்நீலம். 81 பழுப்பா, ஆலிவ் பச்சையா என்பதிலேயே நட்பு முறியும். கடைசி மாதங்களில் வால் ஓரிடத்திலும் உடல் வேறிடத்திலும் தயாராகி, அங்கங்கே கிடைத்த பெயிண்ட்டோடு வந்து சேர்ந்தன. சிலவற்றில் வெறும் தகடும், இணைப்புகளில் பூசிய பட்டி வரிகளும் அப்படியே தெரிந்தன. இதில் சரியான நிறம் எது என்று கேட்டு என்ன பயன்?

தகட்டை ரசிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஆஸ்திரியாவின் குசென் நாஜி வதைமுகாம் கைதிகள் சுரங்கத்துக்குள் 262-இன் உடற்பகுதிகளைச் செய்தார்கள். அந்த முகாமில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். என் அலமாரி மாடலில் இதெல்லாம் தெரியாது.

அபராதக் கடுப்பில் மதியச் சாப்பாட்டை வெட்டிவிடலாம் என்று இருந்தேன். ஃபிக்டுவாலியன் உணவு மார்க்கெட் வாசனை விடவில்லை. லேபர்கேஸ் பன். பெயருக்கு ஈரல்-சீஸ், ஆனால் பவேரியாவில் ஈரலும் கிடையாது, சீஸும் கிடையாது. தடிமனான சுடச்சுட இறைச்சித் துண்டு, இனிப்புக் கடுகு, மொறுமொறு பன். இரண்டு சாப்பிட்டேன். பட்ஜெட் போனால் போகட்டும்.

மறுநாள் ரீம். 1992-ல் மூடிய, மியூனிக்கின் பழைய விமான நிலையம். இப்போது கண்காட்சி அரங்குகள், ஷாப்பிங் மால், பூங்கா. பழைய கட்டுப்பாட்டுக் கோபுரம் இன்னும் நிற்கிறது. 1945 ஏப்ரலில் ஜெர்மன் போர் விமானி ஆடால்ஃப் கால்லண்டின் ஜே.வி. 44 படைப்பிரிவு இங்கிருந்துதான் 262-களை ஓட்டியது. அந்தக் கால ஜெட் மெதுவாகத்தான் வேகம் பிடிக்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அமெரிக்க முஸ்டாங் போர் விமானங்களுக்குச் சுலபமான இரை. காவலுக்கு ஃபோக்கவுல்ஃப் 190 டி விமானங்கள் சில. அவற்றின் அடியில் சிவப்பும் வெள்ளைக் கோடுகளும், சொந்த பீரங்கிப் படையே சுட்டுவிடாமல் இருக்க. மற்றவர்கள் ஒளியப் பெயிண்ட் அடித்தார்கள், இவர்கள் தெரியட்டும் என்று அடித்தார்கள். பிற்காலத்தில் 'கிளிப் படை' என்று பெயர் வந்தது. அதில் 'சிவப்பு 1' விமானம், ஹைன்ஸ் சாக்சென்பெர்க் என்ற விமானி ஓட்டியது. அதன் பக்கவாட்டில் பவேரியக் கொச்சையில் எழுதியிருந்தார்கள்: "என் துணிமணிய வித்துருங்க, நான் மேலோகம் போறேன்!"

அந்தக் கிளியை அடுத்து செய்யப்போகிறேன். சிவப்பில் சண்டை போட ஒன்றும் இல்லை பாருங்கள். கோபுரத்துக்குக் கீழே உட்கார்ந்து கையிலிருந்த காசை எண்ணினேன், 23 யூரோ. திரும்பும்போது டிக்கெட்டில் முத்திரை விழுந்ததா என்று மூன்று முறை பார்த்தேன். அன்று பரிசோதகர் யாரும் வரவில்லை.